உப்பில்லாத ஓதம்: நன்னீர்ச் சதுப்பின் செடிகளை இனம் காண முழுமையான வழிகாட்டி

ஓதம், அதாவது கடல் நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது, என்றதும் நமக்கெல்லாம் உப்புதான் நினைவுக்கு வரும். பிச்சாவரம், முத்துப்பேட்டை, சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கும் அலையாத்தி வேர்கள். நியூ ஜெர்சிக்குக் குடிவந்த பிறகுதான் உப்பே இல்லாத ஓதத்தைப் பார்த்தேன். டெலவேர் ஆற்றங்கரையில் இருக்கும் டிரென்டன் நகரத்திலிருந்து கடல் 200 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் அங்கே ஆற்று நீர் ஒரு நாளில் இரண்டு முறை சுமார் 2.5 மீட்டர் ஏறி இறங்குகிறது. கடல் வாயிலில் இருக்கும் ஏற்ற இறக்கமோ இதில் ஏறக்குறைய பாதிதான். டெலவேர் விரிகுடா புனல் மாதிரி போகப் போகக் குறுகுவதால் உள்ளே தள்ளப்படும் நீர் ஒடுங்கி உயர்கிறது. டிரென்டனில் பாறைகள் வந்து தடுத்த பிறகுதான் ஓதம் நிற்கிறது. உப்பு அவ்வளவு தூரம் வருவதில்லை, ஆற்றின் வேகம் அதைக் கீழேயே நிறுத்திவிடுகிறது.

உப்பு நிற்கும் இடத்துக்கும் ஓதம் நிற்கும் இடத்துக்கும் இடைப்பட்ட நிலம்தான் ஓத நன்னீர்ச் சதுப்பு. கணக்குக்கு வேண்டுமானால், ஒரு லிட்டர் நீரில் உப்பு அரை கிராமுக்குக் கீழே. கடல் நீரில் 35 கிராம். உப்புச் சதுப்புக்குப் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே புல்லைப் பார்க்கலாம், உப்பைத் தாங்கும் செடிகள் அவ்வளவு குறைவு. இங்கே அந்தத் தடை இல்லை. ஒரே சதுப்பில் 50 வகைக்கு மேல் எண்ணலாம். அதனாலேயே முதல் தடவை போகிறவருக்குத் தலை சுற்றும், எல்லாமே ஒரே பச்சையாகத் தெரியும்.

அந்தப் பச்சையைப் பிரித்துப் படிக்க நான் கற்றுக்கொண்ட வழியை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இடம் டிரென்டனுக்கும் போர்டன்டவுனுக்கும் நடுவே இருக்கும் அபட் மார்ஷ்லேண்ட்ஸ். டெலவேர் ஆற்றின் வடகோடி ஓத நன்னீர்ச் சதுப்பு இதுதான், பரப்பு 3,000 ஏக்கருக்கு மேல். ஃபிலடெல்ஃபியா விமான நிலையத்தை ஒட்டிய ஜான் ஹைன்ஸ் சரணாலயம், மேரிலாந்தில் பட்டக்சன்ட் ஆற்றின் ஜக் பே போன்ற இடங்களிலும் இதே முறை அப்படியே பயன்படும்.

படி 1: முதலில் நேரத்தைப் பாருங்கள்

நான் முதன்முதலில் போனபோது ஓத அட்டவணையைப் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்த நேரம் உச்ச ஏற்றம். இலை நுனிகள் மட்டும் நீருக்கு மேலே நின்றன. ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, இது ஏதோ ஏரி என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். மறு வாரம் அதே இடத்தில் நீரே இல்லை, ஆள் உயரச் செடிகள்.

அமெரிக்க அரசின் நோவா அமைப்பு எல்லா ஓத ஆறுகளுக்கும் ஏற்ற, வற்ற நேரங்களை (நீர் மிக உயரும் நேரம், மிகத் தாழும் நேரம்) இணையத்தில் முன்கூட்டியே வெளியிடுகிறது. கடற்கரையின் நேரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓதம் ஆற்றில் ஏறி வரப் பல மணி நேரம் பிடிக்கும், நீங்கள் போகும் இடத்துக்கு மிக அருகில் இருக்கும் நிலையத்தைத்தான் பார்க்க வேண்டும். ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆற்றின் மேல்பகுதியில் நீர் வேகமாக ஏறும், மெதுவாக இறங்கும்.

வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். நீர் இறங்க இறங்க ஒவ்வொரு பட்டையாகச் செடிகள் வெளியே வருவதைப் பார்க்கலாம். பெருமழை பெய்த மறுநாள் போக வேண்டாம், ஆற்று வெள்ளம் ஓதக் கணக்கைப் புரட்டிவிடும்.

கொண்டுபோக வேண்டியவை கொஞ்சம்தான்: அளவு நாடா, நோட்டுப் புத்தகம், பென்சில், கையடக்க உருப்பெருக்கி. முழுக்கால் உடை கட்டாயம். அங்கே உண்ணிகள் உண்டு, லைம் நோய் அவற்றால்தான் பரவுகிறது. வீட்டுக்கு வந்ததும் உடம்பைத் தடவிப் பாருங்கள். பலகை நடைபாதையை விட்டு சேற்றில் இறங்காதீர்கள். கால் இடுப்புவரை போகும். நம் கால்தடம் அங்கே மாதக்கணக்கில் மறையாது.

படி 2: இலையில் படிந்த வண்டல் கோட்டைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எந்தச் செடி எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது, அந்த இடம் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நீருக்குள் இருக்கிறது என்பதுதான். சில சென்டிமீட்டர் மேடு பள்ளம் போதும், செடிக்கூட்டமே மாறிவிடும்.

அதை அளக்கக் கருவி வேண்டாம். வற்ற நேரத்தில் ஏதாவது ஒரு உயரமான செடியின் தண்டைக் குனிந்து பாருங்கள். கீழே இருக்கும் இலைகளில் சாம்பல் பூசினாற்போல மெல்லிய வண்டல் படிந்திருக்கும். குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே இலைகள் கழுவிவிட்டதுபோலப் பளிச்சென்று இருக்கும். இரண்டும் சந்திக்கும் கோடுதான் கடந்த ஏற்றத்தில் நீர் தொட்ட உயரம். தரையிலிருந்து அந்தக் கோடுவரை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பத்தடி தள்ளி இன்னொரு இடத்தில் அளங்கள். ஓரிடத்தில் 80 சென்டிமீட்டர், அடுத்த இடத்தில் 30 என்று வந்தால், சுற்றிலும் நிற்கும் செடிகளும் வேறாகத்தான் இருக்கும்.

இப்படி அளக்கும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஓடைக்கரைதான் தாழ்வாக இருக்கும், உள்ளே போகப் போக மேடாகும் என்று நினைப்போம். பல இடங்களில் ஓடையை ஒட்டியே ஒரு சின்ன வரப்பு இருக்கும். ஏறும் நீர் ஓடையைத் தாண்டிச் செடிகளுக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. சுமந்து வந்த மணலையும் வண்டலையும் அங்கேயே போட்டுவிடுகிறது. வருடக்கணக்கில் அது வரப்பாகிறது. வரப்புக்குப் பின்னால் உள்சதுப்பு, அதைவிடச் சற்றுத் தாழ்வு.

ஆகவே ஓடையிலிருந்து மரங்கள்வரை ஒரு கோடு இழுத்தால் வரிசை இப்படி வரும்: நீரடிச் செடிகள், வற்றத்தில் மட்டும் வெளியே தெரியும் சேற்றுப் பட்டை, வரப்பு, உள்சதுப்பு, உயர்ந்த விளிம்பு, அப்புறம் சதுப்புக் காடு. நோட்டில் இந்தக் குறுக்குவெட்டை முதலில் வரைந்துகொள்ளுங்கள். இனிப் பார்க்கும் ஒவ்வொரு செடியையும் அதில் குறிக்கலாம்.

படி 3: சேற்றுப் பட்டை, மூன்று அம்பிலைகள்

ஓடைக்கு மிக அருகே, ஒரு நாளில் பெரும்பாலான நேரம் நீரில் கிடக்கும் சேற்றில் முதலில் கண்ணில் படுவது ஸ்பாட்டர்டாக். அல்லிக் குடும்பம். அல்லி இலைபோல நீர்மேல் படுத்திருக்காமல், தடித்த காம்பில் நிமிர்ந்து நிற்கும். பூ மஞ்சள் உருண்டை, முழுதாக விரியாது. சேற்றுக்குள் காற்றே கிடையாது, அந்தத் தடித்த கிழங்கு எப்படி மூச்சு விடுகிறது? இளம் இலைகளில் வெயில் படும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. காற்று காம்பு வழியே கிழங்குக்கு இறங்கி, முதிய இலைகளின் காம்பு வழியே வெளியேறுகிறது. ஒரே செடியில் சில இலைகள் உள்ளிழுக்க, சில இலைகள் வெளிவிட. காம்பை வெட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சுபோலத் துளைகள் தெரியும். உயிருள்ள காம்பை இதற்காக வெட்ட வேண்டாம், ஓதம் ஒதுக்கிய முறிந்த காம்பு எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும்.

அதை அடுத்து மூன்று செடிகள் கலந்து நிற்கும். மூன்றுக்கும் இலை அம்பு வடிவம் அல்லது இதய வடிவம். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து நரம்பைப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆரோ ஆரம்: நடு நரம்பு ஒன்று, இலையின் அடியில் பின்னோக்கி நீளும் இரு காதுகளுக்குள்ளும் ஒவ்வொன்று, ஆக மூன்று தடித்த நரம்புகள். அவற்றிலிருந்து மெல்லிய நரம்புகள் இறகுபோலப் பக்கவாட்டில் பிரிந்து விளிம்பை நோக்கிப் போகும். இது சேம்புக் குடும்பம், பார்த்தாலே தெரியும். சேம்பைப் பச்சையாக வாயில் வைத்தால் என்ன ஆகுமோ அதேதான் இதிலும் ஆகும், அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். இந்த மண்ணின் பூர்வகுடிகள் இதன் கிழங்கை நெடுநேரம் சுட்டு, அந்தக் காரத்தைப் போக்கித்தான் உண்டார்கள். டக்கஹோ என்பது அவர்கள் மொழிக் குடும்பத்திலிருந்து வந்த பெயர். பூத்து முடிந்ததும் காய்க்கொத்தைச் சுமக்கும் தண்டு வளைந்து சேற்றை நோக்கிக் குனியும். காய் அங்கேயே முற்றி, உறை கிழிந்து, வழவழப்பான விதைகள் ஓதத்தில் மிதந்து போகும்.

ஆரோஹெட்: நரம்புகள் எல்லாம் காம்பு சேரும் புள்ளியிலிருந்து விசிறிபோலக் கிளம்பும். சில காதுகளுக்குள் வளைந்து இறங்கும், மற்றவை நுனிக்கு ஏறும். கோடையில் மூன்று வெள்ளை இதழ்ப் பூக்கள் அடுக்கடுக்காக. இதன் கிழங்கும் உணவுதான்.

பிக்கரல்வீட்: இலையின் காதுகள் கூராக இல்லாமல் உருண்டிருக்கும். தடித்த நடு நரம்பே கிடையாது, நூல்போன்ற நரம்புகள் நெருக்கமாக விளிம்போடு சேர்ந்து வளைந்து நுனியில் கூடும். ஊதாநீலக் கதிர்ப் பூவைப் பார்த்ததும் ஆகாயத்தாமரை நினைவுக்கு வந்தால் உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம், இப்போது வகைப்பாட்டாளர்கள் ஒரே பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். நம் ஏரிகளை மூடிக் கொல்லும் அதே வம்சத்தில் வந்தது, தன் சொந்த மண்ணில் இவ்வளவு அடக்கமாக, வண்டுக்கும் தேனீக்கும் சோறு போட்டுக்கொண்டு நிற்கிறது.

படி 4: வசம்பைத் தேடி மோந்து பாருங்கள்

உள்சதுப்பில் வாள்போன்ற இலைகள் கூட்டமாக நின்றால் அது சம்பாக இருக்கலாம், ஐரிஸாக இருக்கலாம், வசம்பாகவும் இருக்கலாம். ஓர் இலை நுனியை விரலால் கசக்கி மூக்கருகே வையுங்கள். எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் விளக்கில் சுட்டுக் கரைத்த வசம்பின் வாசனைதான் வீடெல்லாம் இருக்கும். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்து அழைத்த ஊர்க்காரியான எனக்கு, டிரென்டன் சேற்றில் அந்த வாசனை வந்தபோது கண் கலங்கிவிட்டது.

இங்கே இரண்டு வசம்புகள் உண்டு. ஒன்று குடியேறிகள் மருந்துக்காகக் கொண்டுவந்தது. அதன் இலையில் ஒரே ஒரு நரம்பு மட்டும் எடுப்பாகப் புடைத்திருக்கும். விதை வைக்காது, கிழங்கு உடைந்து பரவும். மற்றது இந்த மண்ணுக்கே உரியது. அதில் இரண்டோ அதற்கு மேலோ நரம்புகள் சமமாகப் புடைத்திருக்கும், விதையும் உண்டு. விரலை இலையின் குறுக்கே ஓட்டினாலே வித்தியாசம் தட்டுப்படும்.

சம்பிலும் இரண்டு வகை. கதிரில் மேலே ஆண் பகுதி, கீழே பழுப்புப் பெண் பகுதி. இரண்டும் ஒட்டியிருந்தால் அகல இலைச் சம்பு, நடுவே வெறும் தண்டு இடைவெளி தெரிந்தால் குறுகிய இலைச் சம்பு. சம்புக் காட்டுக்குள் திடீரென்று வெட்டவெளி தெரிந்தால் மஸ்க்ரட் என்னும் நீரெலி தின்று தீர்த்த இடமாக இருக்கும்.

படி 5: மாதத்தைப் பாருங்கள்

இந்தச் சதுப்பை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒரே மண்ணில் ஒரு வருடத்துக்குள் மூன்று நான்கு செடிக்கூட்டங்கள் மாறி மாறி வருகின்றன.

ஜனவரியில் போனால் வெறும் சேறு. உப்புச் சதுப்பின் புல் காய்ந்தும் மாதக்கணக்கில் நிற்கும், இங்கே ஸ்பாட்டர்டாக்கும் ஆரோ ஆரமும் பனி விழுந்த சில வாரங்களிலேயே கரைந்து போய்விடும். இலை அவ்வளவு மென்மை. மார்ச் கடைசியில் சேற்றின் மேல் பச்சைப் புள்ளிகள்: ஓராண்டுச் செடிகளின் முளைகள். ஏப்ரலில் கிழங்குச் செடிகள் சுருட்டிய இலைகளோடு கிளம்பும். மே, ஜூன் இரண்டும் அவற்றின் ராஜ்யம். அந்த அகல இலைகளின் நிழலில் ஓராண்டு முளைகள் பொறுமையாகக் காத்திருக்கும். ஜூலைக்குப் பிறகு அகல இலைகள் சரியத் தொடங்கும், அப்போது இவை எழும்பும்.

ஆகஸ்டில் உள்சதுப்பு ஜுவல்வீட் பூக்களால் ஆரஞ்சாகும். காசித்தும்பையின் தங்கை. முற்றிய காயைத் தொட்டால் நம் ஊர்க் காசித்தும்பை எப்படித் தெறிக்குமோ அப்படியே தெறிக்கும். தேன்சிட்டைவிடச் சிறிய ஹம்மிங்பறவை அந்தப் பூவின் வாலில் இருக்கும் தேனுக்காக வரும். அதனூடே டேர்தம்ப் படரும். தண்டெங்கும் பின்னோக்கி வளைந்த முட்கள், உருவினால் கட்டைவிரல் கிழியும், பெயரே அதுதான். வரப்பின் மேல் மூன்று மீட்டர் உயர ராட்சத ராக்வீடும் நீர்க்கீரையும் நிற்கும். நீர்க்கீரை என்று நான் சொல்வது வாட்டர் ஹெம்ப், முளைக்கீரை, தண்டுக்கீரையின் பேரினம்தான், ஆனால் ஆளைவிட உயரம். ராக்வீடின் மகரந்தம் ஒவ்வாதவர்கள் ஆகஸ்ட் கடைசியில் மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கள். இவற்றின் மேலெல்லாம் ஆரஞ்சு நூலாகச் சுற்றிக்கிடப்பது டாடர், இலையும் வேரும் இல்லாத ஒட்டுண்ணிக் கொடி, நம் கொத்தான் மாதிரி.

செப்டம்பரில் பர் மேரிகோல்ட். ஒரே வாரத்தில் சதுப்பு முழுக்க மஞ்சள் பிடித்துவிடும். இதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். விதைகள் நாயுருவிபோலத் துணியில் ஒட்டும். அக்டோபரில் எல்லாம் சாயும்.

குறைந்தது நான்கு தடவை, ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர் கடைசி, ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் படம் எடுங்கள். நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான்கு வெவ்வேறு ஊர்கள் என்றுதான் பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

படி 6: காட்டு நெல்லின் அருகில் நில்லுங்கள்

இதற்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்கலாம். கடைகளில் விற்கும் கறுப்புக் காட்டரிசி வடக்கே பெரிய ஏரிகள் பக்கத்து இனம். டெலவேர், பட்டக்சன்ட் ஓதச் சேற்றில் வளர்வது அதன் சகோதரி, சைசேனியா அக்வாட்டிகா. நம் நெல்லும் இதே பழங்குலத்தைச் சேர்ந்ததுதான். மூன்று மீட்டர் உயரம் சாதாரணம். ஒரே கோடையில் விதையிலிருந்து அவ்வளவு உயரம்.

கதிரைப் பாருங்கள். மேல்பாதியில் கிளைகள் தண்டோடு ஒட்டி நிமிர்ந்திருக்கும், அவை பெண் பூக்கள். கீழ்ப்பாதியில் கிளைகள் விரிந்து, மஞ்சள் மணிகள் தொங்குவதுபோல ஆண் பூக்கள் ஆடும். நெல்லில் ஒரே பூவுக்குள் இரண்டும் இருக்கும், இங்கே தனித்தனி. மணி முற்றியதும் கையில் நிற்காது, காற்றசைந்தாலே உதிரும். நீண்ட வால் ஒன்று உண்டு, அதில் பின்னோக்கிய நுண்முட்கள். தலைகீழாக விழுந்து சேற்றில் குத்திக்கொண்டால் ஓதம் இழுத்தாலும் வராது. குளிர்காலம் முழுதும் ஈரச் சேற்றில் கிடந்தால்தான் முளைக்கும். காயப்போட்டால் செத்துவிடும், நம் விதைநெல் போலக் குதிரில் சேர்த்துவைக்க முடியாது.

மண்ணுக்குள்ளும் அதற்குச் சேமிப்பு இல்லை. இந்த வருடம் விழுந்த விதை அடுத்த வசந்தத்தில் ஏறக்குறைய முழுதும் முளைத்துவிடும். இதனால் என்ன ஆபத்து என்பதை ஜக் பே காட்டியது. 1990களில் அங்கே காட்டு நெல் வேகமாக அழிந்தது. காரணம் கனடா வாத்துகள், வலசை போகாமல் வருடம் முழுதும் அங்கேயே தங்கிவிட்டவை. கோடையில் இளம் பயிரைத் தின்றன. சில வருடங்கள் விதை விழவில்லை, மண்ணில் கையிருப்பும் இல்லை, காடே காணாமல் போனது. வேலி கட்டி, விதை போட்டு, வாத்துகளின் எண்ணிக்கையை வேட்டையால் குறைத்த பிறகு மெல்லத் திரும்பி வந்தது. வாஷிங்டனில் அனகோஸ்டியா ஆற்றின் கிங்மன் சதுப்பை 2000ஆம் ஆண்டு புதிதாக உருவாக்கி நட்டபோதும் இதே வாத்துகள் நாற்றுகளை மேய்ந்துவிட்டன. நீங்கள் போகும் இடத்தில் செடிகளைச் சுற்றிக் கம்பி வலை கண்டால் அதைத் தாண்டாதீர்கள், காரணம் இதுதான்.

செப்டம்பரில் நெல் உதிரும் நாட்களில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சோரா என்னும் சின்னக் காணாங்கோழி தெற்கே போகும் வழியில் இந்த நெல்லுக்காகவே இறங்கும். கண்ணில் படுவது அரிது, குதிரை கனைப்பதுபோல இறங்கிவரும் அதன் குரல் கேட்கும்.

படி 7: மண்ணுக்குள் இருப்பதைப் பாருங்கள்

இந்தப் படி பொறுமை உள்ளவர்களுக்கு. ரைடர் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் மேரி லெக், இதே டிரென்டன் சதுப்பின் மண்ணை எடுத்துவந்து, முளைப்பவற்றை எண்ணி, 1979இல் தொடங்கிப் பல ஆய்வுகளை வெளியிட்டார். மேலே என்ன வளர்கிறது என்பதற்கும் கீழே என்ன விதை இருக்கிறது என்பதற்கும் உள்ள உறவு அப்படித்தான் தெரியவந்தது.

சிறு அளவில் பள்ளிப் பிள்ளைகளோடு நீங்களும் செய்யலாம், பூங்கா நிர்வாகத்தின் அனுமதி வாங்கிய பிறகு மட்டும். மார்ச் தொடக்கத்தில், முளை விடுமுன், மேல்மண் இரண்டு சென்டிமீட்டரை ஒரு டப்பா அளவு எடுங்கள். இரண்டு தட்டுகளில் மெல்லியதாகப் பரப்புங்கள். ஒன்றில் மண் ஈரமாக மட்டும் இருக்கட்டும். மற்றதில் மண்ணுக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் நீர் நிற்கட்டும். வெளிச்சமுள்ள ஜன்னலோரம் வையுங்கள். ஈரத் தட்டில் முளைகள் நெருங்கி வரும், நீர் நிற்கும் தட்டில் வெகு சிலவே எட்டிப் பார்க்கும். வரப்பில் அத்தனை ஓராண்டுச் செடிகள், சேற்றுப் பட்டையில் கிழங்குச் செடிகள் மட்டும் ஏன் என்பதற்கு விடை அந்த இரண்டு தட்டுகளிலும் இருக்கிறது. ஒரே மண்தான். முடிந்ததும் அதை வேறு எங்கும் கொட்டாதீர்கள், எடுத்த இடத்திலேயே திருப்பிப் போடுங்கள்.

படி 8: சட்டம் போட்டு எண்ணுங்கள்

பிவிசி குழாயில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். நடைபாதையிலிருந்தே எட்டும் இடத்தில் வையுங்கள். உள்ளே தெரியும் ஒவ்வொரு வகைக்கும் அது மறைக்கும் பரப்பை எழுதுங்கள். துல்லியமான சதவீதம் வேண்டாம், ஐந்து படிநிலை போதும்: 5 சதவீதத்துக்குக் கீழே 1, 25 வரை 2, 50 வரை 3, 75 வரை 4, அதற்கு மேல் 5. எல்லாவற்றையும் கூட்டினால் நூறைத் தாண்டும், பயப்பட வேண்டாம். இலைகள் அடுக்கடுக்காக நிற்கும் இடம் இது, மேலே நெல், நடுவே ஆரோ ஆரம், கீழே டேர்தம்ப். கூடவே அந்த இடத்தின் வண்டல் கோட்டு உயரம், தேதி, வற்ற நேரம். பலகையின் எண்ணோ தூணோ அடையாளமாக இருந்தால் அடுத்த வருடமும் அதே இடத்துக்கு வரலாம். படங்களை, செடி, விலங்குப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள், தெரியாத செடிக்குப் பெயர் சொல்ல ஆள் கிடைப்பார்கள்.

படி 9: வந்தேறிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

உயர்ந்த விளிம்பில் நாலு மீட்டர் உயர நாணல் சுவர்போல நின்றால் அது பெரும்பாலும் ஐரோப்பிய வழியில் வந்த ஃப்ராக்மைட்டிஸ். இந்த நாட்டுக்கே உரிய நாணல் வம்சமும் உண்டு, இரண்டும் வேறு என்று 2002இல் மரபணு ஆய்வு காட்டியது. வந்தது நெருக்கமாக வளர்ந்து, காய்ந்த தண்டுகளைக் குவித்து, கீழே எதையும் முளைக்கவிடாது. ஊதாக் கதிராக நிற்கும் பர்ப்பிள் லூஸ்ஸ்ட்ரைஃபும் வெளியிலிருந்து வந்ததே. அதன் இலைகளில் சல்லடைத் துளைகள் இருந்தால் 1990களில் அதைக் கட்டுப்படுத்தவென்றே விடப்பட்ட வண்டுகளின் வேலை. பெருக்கத்தைக் குறிப்பில் எழுதுங்கள், நீங்களாகப் பிடுங்க இறங்க வேண்டாம். வேர் உடைந்தால் இன்னும் பரவும்.

படி 10: சதுப்பு முடியும் இரு முனைகளையும் பாருங்கள்

மேட்டுப் பக்கம், ரோஸ் மேலோ பூக்கும். செம்பருத்தியின் பேரினம், கையகல வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூ, நடுவே அடர்சிவப்பு. அதைத் தாண்டினால் பட்டன்புஷ், ஆல்டர், பிறகு செம்மேப்பிளும் ஆஷ் மரங்களும். மரங்கள் எல்லாம் சின்னச் சின்ன மண்மேடுகளின் மேல்தான் நிற்கும், நடுப்பள்ளங்களில் ஓதம் வந்து போகும். ஆஷ் மரங்களில் பட்டை உரிந்து, உச்சி காய்ந்திருந்தால் எமரால்ட் ஆஷ் போரர் என்னும் பச்சை வண்டின் தாக்குதலாக இருக்கலாம். மரம் செத்து நிழல் போனால் அந்த இடம் சதுப்புச் செடிகளுக்குத் திறக்கும். எவை முந்துகின்றன என்று பார்க்க இன்று எழுதும் குறிப்பு உதவும்.

கீழ்ப் பக்கம், உப்பு. 1960களின் வறட்சியில் ஆற்று நீர் குறைந்தபோது, 1964 நவம்பரில் டெலவேரின் உப்பு முகம், அதாவது கடலின் உப்பு எட்டும் எல்லை, ஃபிலடெல்ஃபியாவரை ஏறிவந்தது. கடல் மட்டம் உயர உயர அந்த முகமும் மேலே தள்ளப்படும். அதை முதலில் சொல்பவை செடிகள்தான். ஆரோ ஆரமும் ஜுவல்வீடும் மெலிந்து, பிக் கார்ட்கிராஸ் என்ற உயரமான புல் ஓடைக்கரையில் தலைகாட்டினால் உப்பு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு செடியையும் தேடிப் பாருங்கள், அது மிக அரிது. சென்சிட்டிவ் ஜாயின்ட்வெட்ச். தொட்டால்சிணுங்கியைப்போலச் சிற்றிலைகள் மெல்ல மடங்கும், மஞ்சள் பூவில் சிவப்பு ரேகை. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு எடுக்கும் நெட்டிச் செடியின் பேரினம்தான். ஓராண்டுச் செடி. நெருக்கமான காட்டுக்குள் பிழைக்காது, ஓதமோ பனிக்கட்டியோ நீரெலியோ வெறுமையாக்கிய திட்டுகளில் மட்டும் முளைக்கும். பெரும்பகுதி இப்போது வர்ஜீனியாவின் மட்டப்போனை, பமன்கி போன்ற ஆறுகளில், நியூ ஜெர்சியிலும் மிகச் சில இடங்களில் உண்டு. 1992இல் அழிவாபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கண்டால் தொடாமல் படம் எடுத்து, இடத்தைப் பொதுவில் போடாமல், மாநில இயற்கை வளத் துறைக்குத் தெரிவியுங்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை பூக்கும். வற்ற நேரத்தில், படகில், கரையை ஒட்டி மெதுவாகப் போக வேண்டும்.